சர்வருக்குள் சர்வர்: ‘விர்ச்சுவல் ஃபயர்வால்’ எதற்கு? எய்ம்ஸ் சைபர் தாக்குதல் சொல்லும் பாடம்

2022 நவம்பர் 23, புதன்கிழமை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் காலையிலேயே கணினிகள் வேலை செய்யவில்லை. வெளிநோயாளிகள் பதிவு, அப்பாயின்ட்மென்ட், பில்லிங், லேப் ரிப்போர்ட் என எல்லாமே நின்றுபோனது. நாட்டின் முதன்மை மருத்துவமனையில் ஊழியர்கள் பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்து நோயாளிகளின் விவரங்களை எழுதத் தொடங்கினார்கள். பதிவு, அனுமதி, டிஸ்சார்ஜ் போன்ற பெரும்பாலான சேவைகள் மீண்டும் கணினிக்குத் திரும்ப சுமார் இரண்டு வாரங்கள் ஆயின.

நடந்தது ரேன்சம்வேர் தாக்குதல். அதாவது, சர்வரில் உள்ள கோப்புகளை உரிமையாளரே திறக்க முடியாதபடி பூட்டிவிடும் வேலை. 5 சர்வர்கள் பாதிக்கப்பட்டதாகவும், சுமார் 1.3 டெராபைட் தரவுகள் பூட்டப்பட்டதாகவும் மத்திய அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

அந்தப் பதிலில் எண்களைவிட முக்கியமான ஒரு வரி இருந்தது. அடையாளம் தெரியாத நபர்கள் எய்ம்ஸ் நெட்வொர்க்கில் உள்ள சர்வர்களைக் கைப்பற்றியதற்குக் காரணம், ‘நெட்வொர்க் முறையாகப் பிரிக்கப்படாததே’ என்பது செர்ட்-இன் அமைப்பின் முதற்கட்ட ஆய்வு முடிவு.

நெட்வொர்க்கைப் பிரிப்பது என்றால் என்ன? இப்போது பெரும்பாலான சர்வர்கள் தனித்தனி இயந்திரங்களாக இல்லாமல், ஒரே இயந்திரத்துக்குள் பல ‘விர்ச்சுவல்’ சர்வர்களாக ஓடுகின்றன. அங்கே எப்படிப் பிரிப்பது? இதற்கான பதில்களில் ஒன்றுதான் விர்ச்சுவல் ஃபயர்வால். அது என்ன, எப்படி நிறுவப்படுகிறது, எங்கே கோட்டை விடுகிறார்கள்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், விர்ச்சுவல் சர்வர் என்றால் என்ன?

இருபது வருடங்களுக்கு முன் ஒரு அலுவலகத்தின் சர்வர் அறையில் மெயிலுக்கு ஒரு பெட்டி, கணக்குக்கு ஒரு பெட்டி, இணையதளத்துக்கு ஒரு பெட்டி என்று தனித்தனியாக இருக்கும. ஒவ்வொன்றும் தன் திறனில் சிறு பகுதியை மட்டும் பயன்படுத்திக்கொண்டு, நாள் முழுக்க கரன்ட்டையும் ஏசியையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள். விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐ, மைக்ரோசாஃப்ட் ஹைப்பர்-வி, இலவசமாகக் கிடைக்கும் கேவிஎம் ஆகியவை இந்த வகை. ஒரு பெரிய இயந்திரத்தின் பிராசஸர், நினைவகம், டிஸ்க் ஆகியவற்றைப் பங்குபோட்டு, அதற்குள் 10, 20, 30 என்று தனித்தனி கணினிகள் இருப்பதுபோல அது ஓடவைக்கும். இவைதான் விர்ச்சுவல் மெஷின்கள். உள்ளே ஓடும் ஒவ்வொன்றும் தன்னைத் தனி கணினி என்றே நினைத்துக்கொள்ளும்.

எய்ம்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்த 100 சர்வர்களில் 40 நேரடி இயந்திரங்கள், 60 விர்ச்சுவல் சர்வர்கள் என்று சுகாதார அமைச்சக வட்டாரங்களை மேற்கோள் காட்டி அப்போது செய்திகள் வெளியாகின. பாதிக்கப்பட்ட 5 சர்வர்களும் நேரடி இயந்திரங்கள் என்றே சொல்லப்பட்டது. விர்ச்சுவல் சர்வர்கள் தப்பிவிட்டன என்று நாம் நிம்மதி அடைய முடியுமா? முடியாது. ஒழுங்காகப் பிரிக்கப்படாத நெட்வொர்க் என்ற பிரச்னை விர்ச்சுவல் உலகத்தில் இன்னும் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளும்.

அதான் ஏற்கனவே ஃபயர்வால் இருக்கே, போதாதா?

நியாயமான கேள்வி. ஏறக்குறைய எல்லா நிறுவனங்களிலும் இணையத்தில் இருந்து கேபிள் உள்ளே வரும் இடத்தில் ஒரு ஃபயர்வால் பெட்டி இருக்கும். உள்ளே வரும், வெளியே போகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் ‘யார் அனுப்பியது, யாருக்கு, எந்த போர்ட்டுக்கு’ என்று பார்த்து, அனுமதிக்கும் அல்லது தடுக்கும்.

ஒரு அடுக்குமாடி குடியிருப்பை நினைத்துப் பாருங்கள். கேட்டில் வாட்ச்மேன் இருக்கிறார். வெளியாட்கள் வந்தால் நோட்டில் எழுதச் சொல்வார். ஆனால், மூன்றாவது மாடியில் இருப்பவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி சர்க்கரை கேட்டால் அது வாட்ச்மேனுக்குத் தெரியுமா? தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை, வந்திருப்பவர் உண்மையிலேயே பக்கத்து வீட்டுக்காரராக இருக்கும்வரை. கொரியர் கொடுக்க வந்ததாகச் சொல்லி ஒருவர் உள்ளே நுழைந்துவிட்டால்? அதன்பிறகு மாடி மாடியாக ஏறி ஒவ்வொரு கதவையும் அவர் தள்ளிப் பார்க்கலாம். கேட்டில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது.

நெட்வொர்க் மொழியில் கேட் வழியாகப் போய்வரும் போக்குவரத்தை ‘வடக்கு-தெற்கு’ என்பார்கள். உள்ளேயே ஒரு சர்வரில் இருந்து இன்னொரு சர்வருக்குப் போவது ‘கிழக்கு-மேற்கு’. வாசலில் உள்ள ஃபயர்வால் காவல் காப்பது வடக்கு-தெற்கை மட்டும். ரேன்சம்வேர் பரவுவதோ கிழக்கு-மேற்கில்.

2017 மே மாதம் உலகை உலுக்கிய வான்னாக்ரை நினைவிருக்கலாம். விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரப் பயன்படுத்தும் 445 என்ற போர்ட் வழியாக அது ஒரு கணினியில் இருந்து பக்கத்துக் கணினிக்குத் தானாகவே தாவியது. ஒரு ஊழியரின் கணினிக்கும் இன்னொரு ஊழியரின் கணினிக்கும் இடையே அந்த போர்ட் திறந்திருக்க வேண்டிய தேவை பெரும்பாலான அலுவலகங்களில் இல்லை. ஆனாலும் திறந்தே இருந்தது.

விர்ச்சுவல் சர்வர்களில் சிக்கல் எப்படிப் பெரிதாகிறது?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரே இயந்திரத்துக்குள் ஓடும் இரண்டு விர்ச்சுவல் மெஷின்கள் ஒரே சப்நெட்டில் இருந்தால், அவை பேசிக்கொள்ளும் தரவு அந்த இயந்திரத்தை விட்டு வெளியே வருவதே இல்லை. ஹைப்பர்வைசருக்குள் ‘விர்ச்சுவல் ஸ்விட்ச்’ என்று ஒரு மென்பொருள் ஸ்விட்ச் இருக்கிறது. ஒன்று அனுப்புவதை வாங்கி அதுவே மற்றதிடம் கொடுத்துவிடும். எந்த கேபிளிலும் அந்தத் தரவு ஓடாது. எனவே, வெளியே எத்தனை லட்சம் ரூபாய் கொடுத்து ஃபயர்வால் பெட்டி வாங்கி வைத்தாலும் அதன் கண்ணில் இது படாது.

சரி, தரவை வெளியே உள்ள ஃபயர்வாலுக்கு அனுப்பி, சோதித்து, மறுபடி அதே இயந்திரத்துக்குள் கொண்டுவர முடியாதா? முடியும். சில இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால், பக்கத்து வீட்டுக்குப் போக கேட்டுக்கு இறங்கி, கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி மாடி ஏறுவது மாதிரி அது. தாமதம் கூடும், கேபிளில் நெரிசல் கூடும், அந்த ஒரு பெட்டி நின்றால் உள்ளே எல்லாமே நிற்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. விர்ச்சுவல் மெஷின் ஒரே இடத்தில் இருப்பதில்லை. லோடு கூடினால் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறு இயந்திரத்துக்கு மாற்றப்படும். புதியது ஒன்றை உருவாக்க சில நிமிடங்கள் போதும். சோதனைக்காக உருவாக்கி, பிறகு எல்லோரும் மறந்துபோன சர்வர்கள் எத்தனை என்று உங்கள் ஐடி துறையைக் கேட்டுப் பாருங்கள், உடனே பதில் வராது.

ஆக, விர்ச்சுவல் ஃபயர்வால் என்றால் என்ன?

பெட்டியில் ஓடும் அதே ஃபயர்வால் மென்பொருளை ஒரு விர்ச்சுவல் மெஷினாக மாற்றி, மற்ற சர்வர்கள் ஓடும் அதே இடத்தில் ஓடவைப்பதுதான் விர்ச்சுவல் ஃபயர்வால். வாட்ச்மேன் கேட்டை விட்டு ஒவ்வொரு மாடிக்கும் வந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஃபோர்ட்டிநெட், பாலோ ஆல்டோ, செக் பாயின்ட் போன்ற நிறுவனங்கள் இதை விற்கின்றன. பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களையும் விர்ச்சுவல் மெஷினாக ஓடவைக்கலாம்.

இதில் இரண்டு முறைகள் உண்டு.

ஒன்று, சர்வர்களைக் குழுக்களாகப் பிரித்து, குழுக்களுக்கு நடுவே ஒரு விர்ச்சுவல் ஃபயர்வாலை வைப்பது. ஒரு குழுவில் இருந்து இன்னொன்றுக்குப் போகும் எல்லாமே அதன் வழியாகத்தான் போயாக வேண்டும்.

மற்றொன்று, ஹைப்பர்வைசரிலேயே ஃபயர்வாலைப் பதித்து, ஒவ்வொரு விர்ச்சுவல் மெஷினின் நெட்வொர்க் இணைப்பிலும் விதிகளை அமல்படுத்துவது. விஎம்வேரின் என்எஸ்எக்ஸ் இந்த வகை. ஒரே குழுவில் உள்ள இரண்டு சர்வர்களைக்கூட இதில் தனித்தனியாகப் பிரிக்கலாம். இதை ‘மைக்ரோ செக்மென்டேஷன்’ என்கிறார்கள். மாடிக்கு ஒரு காவலாளி என்பதைத் தாண்டி, ஒவ்வொரு வீட்டுக் கதவுக்கும் பூட்டு.

எங்களுடையது கிளவுடில்தானே இருக்கு, அவங்க பார்த்துக்க மாட்டாங்களா?

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் என எல்லா கிளவுட் நிறுவனங்களும் பொறுப்பைப் பகிர்ந்துதான் ஒப்பந்தம் போடுகின்றன. கட்டடம், இயந்திரம், ஹைப்பர்வைசர் ஆகியவற்றின் பாதுகாப்பு அவர்களுடையது. உங்கள் சர்வர்களில் எது எதோடு பேசலாம் என்ற முடிவு உங்களுடையது.

அந்த முடிவை நீங்கள் எடுக்காவிட்டால் என்ன ஆகும்? மைக்ரோசாஃப்ட் அஷூரில் ஒரு விர்ச்சுவல் நெட்வொர்க்கை உருவாக்கினால், அதற்குள் உள்ள எல்லா சப்நெட்களும் தங்களுக்குள் தாராளமாகப் பேசிக்கொள்ளலாம் என்பதுதான் ஆரம்ப நிலை. அமேசானில் ‘டீஃபால்ட்’ பாதுகாப்புக் குழுவில் போடப்பட்ட சர்வர்களும் ஒன்றோடொன்று தடையில்லாமல் பேசும். அதாவது கேட் பூட்டியிருக்கும், வீடுகள் திறந்திருக்கும்.

கிளவுடில் இலவசமாகக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்புக் குழுக்களை ஒழுங்காக எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும். ஆனால், அவை முகவரியையும் போர்ட்டையும் மட்டுமே பார்க்கும். பொட்டலத்துக்குள் தாக்குதல் குறியீடு இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்காது. அதற்குத்தான் விர்ச்சுவல் ஃபயர்வால் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

எப்படி நிறுவுகிறார்கள்? ஒரு உதாரணம்

ஒரு மாவட்டத் தலைநகரில் 200 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு பெரிய இயந்திரங்களில் 15 விர்ச்சுவல் சர்வர்கள் ஓடுகின்றன. நோயாளி பதிவு, லேப், மருந்தகம், ஸ்கேன் படங்கள், சம்பளம், பேக்கப் என்று எல்லாமே ஒரே சப்நெட். இவர்கள் என்ன செய்யவேண்டும்?

முதல் வேலை, பட்டியல். எந்த சர்வர் எதோடு, எந்த போர்ட்டில் பேசுகிறது என்று எழுதவேண்டும். போர்ட் என்பது ஒரே அலுவலகத்தில் உள்ள கவுன்டர் எண்கள் போல. இணையப் பக்கத்துக்கு 443, ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு 5432. அலுப்பூட்டும் வேலைதான். ஆனால், இந்தப் பட்டியல் இல்லாமல் வாங்கிப் போடப்படும் ஃபயர்வாலில் கடைசியில் ‘எல்லாவற்றையும் அனுமதி’ என்ற ஒரே விதிதான் இருக்கும்.

இரண்டாவது, பிரிப்பது. பொதுமக்கள் பார்க்கும் வெப் சர்வர் ஒரு பகுதி. டேட்டாபேஸ் ஒரு பகுதி. ஸ்கேன், லேப் கருவிகள் ஒரு பகுதி. பேக்கப் தனி. நிர்வாகிகள் நுழையும் வழி தனி. ஒவ்வொரு பகுதிக்கும் தனி சப்நெட், தனி விலான். ஸ்கேன் கருவிகளைத் தனியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. பல மருத்துவக் கருவிகள் பழைய விண்டோஸில் ஓடுகின்றன, கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் அதை மாற்றவும் முடியாது. சரிசெய்ய முடியாததைத் தனிமைப்படுத்தித்தான் ஆகவேண்டும்.

மூன்றாவது, பாதையை மாற்றுவது. அதிகம் கோட்டை விடப்படும் இடம் இதுதான். ஃபயர்வாலை நிறுவியாயிற்று, லைசென்ஸ் போட்டாயிற்று, திரையில் பச்சை விளக்கும் எரிகிறது. ஆனால், போக்குவரத்து அதன் வழியாகப் போகவில்லை! ஒரே சப்நெட்டில் விடப்பட்ட சர்வர்கள் ஃபயர்வாலைக் கேட்காமல் நேரடியாகவே பேசிக்கொள்ளும். எனவே, ஒவ்வொரு சப்நெட்டின் கேட்வே முகவரியும் ஃபயர்வாலாக மாற்றப்பட வேண்டும். கிளவுடில் என்றால் ரூட் டேபிளை மாற்றவேண்டும். அமேசானில் கூடுதலாக, ஃபயர்வால் மெஷினின் நெட்வொர்க் இணைப்பில் ‘சோர்ஸ்/டெஸ்டினேஷன் செக்’ என்பதை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் தனக்கு வராத பொட்டலங்களை அது கடத்திவிட முடியாது.

போகும் வழியும் திரும்பும் வழியும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதும் முக்கியம். இன்றைய ஃபயர்வால்கள் ஒவ்வொரு உரையாடலையும் நினைவில் வைத்துக்கொள்கின்றன. கேள்வி ஒரு வழியில் போய், பதில் இன்னொரு வழியில் வந்தால், ‘இது யார்னே தெரியலையே’ என்று தடுத்துவிடும். ‘ஃபயர்வால் போட்டதிலிருந்து சாஃப்ட்வேர் ஓடலை’ என்ற புகார்களில் பல இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

நான்காவது, விதிகள். ஃபயர்வால் பொதுவாக மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடும். நம் மருத்துவமனைக்கு விதிகள் இப்படி இருக்கலாம்:

- பதிவு கவுன்டர் கணினிகளில் இருந்து வெப் சர்வருக்கு: 443 மட்டும் அனுமதி.
- வெப் சர்வரில் இருந்து டேட்டாபேஸுக்கு: 5432 மட்டும் அனுமதி.
- லேப், ஸ்கேன் கருவிகளில் இருந்து அவற்றுக்கான சர்வருக்கு மட்டும் அனுமதி. இணையத்துக்கு மறுப்பு.
- ரிமோட் டெஸ்க்டாப் 3389, எஸ்எஸ்எச் 22: நிர்வாகிகளுக்கென உள்ள ஒரே ஒரு கணினியில் இருந்து மட்டும் அனுமதி.
- பேக்கப் சர்வர் மற்ற சர்வர்களிடம் போய்த் தரவை எடுத்துக்கொள்ளலாம். மற்ற எதுவும் பேக்கப் சர்வரைத் தொடக்கூடாது.
- மற்ற எல்லாம்: மறுப்பு. மறுத்ததைப் பதிவும் செய்யவேண்டும்.

கடைசி வரிதான் ஃபயர்வாலின் உயிர். ‘கெட்டதைத் தடு, மீதியை விடு’ என்றால் எது கெட்டது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ‘தேவையானதை விடு, மீதியைத் தடு’ என்றால் நம் தேவை நமக்குத் தெரிந்தால் போதும்.

பேக்கப் விதியையும் கவனியுங்கள். எய்ம்ஸ் மீண்டது எப்படி? பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரில் இருந்து இ-ஹாஸ்பிடல் தரவுகள் முழுவதும் மீட்கப்பட்டு, புதிய சர்வர்களில் ஏற்றப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அந்த ஒரு பேக்கப்பும் மற்றவற்றோடு சேர்ந்து பூட்டப்பட்டிருந்தால் இந்தக் கதையின் முடிவே வேறு.

ஐந்தாவது, அவசரப்படாமல் இருப்பது. முதல் நாளே தடுக்கத் தொடங்கினால் மருந்தகம் நிற்கும், டாக்டர் கத்துவார், ‘எல்லாவற்றையும் திறந்துவிடு’ என்று உத்தரவு வரும். பிறகு அது மூடப்படவே மாட்டாது. அதனால் முதலில் எதையும் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யவிட வேண்டும். குறைந்தது ஒரு முழு மாதம். ஏன் ஒரு மாதம்? சம்பளப் பட்டியல், காப்பீட்டுக் கணக்கு போன்ற வேலைகள் மாதத்துக்கு ஒருமுறைதான் ஓடும். ஒரு வாரம் மட்டும் பார்த்தால் அவை கண்ணில் படாது.

ஆறாவது, ஜோடி. எல்லாப் போக்குவரத்தும் ஒரு ஃபயர்வால் வழியாகப் போகிறது என்றால், அது நின்றால் மருத்துவமனையும் நிற்கும். எனவே இரண்டு வேண்டும். இரண்டும் ஒரே இயந்திரத்தில் இருந்தால் பயனில்லை, அந்த இயந்திரத்தோடு இரண்டுமே போய்விடும். எப்போதும் வெவ்வேறு இயந்திரங்களில்தான் இருக்கவேண்டும் என்று ஹைப்பர்வைசரில் விதி எழுத முடியும். அதை எழுதிவைக்க வேண்டும்.

செலவு எவ்வளவு பிடிக்கும்?

பெட்டி வாங்க வேண்டாம் என்பதால் மலிவு என்று நினைத்துவிடக் கூடாது. வணிக நிறுவனங்களின் விர்ச்சுவல் ஃபயர்வால்களில் லைசென்ஸ் கட்டணம் பெரும்பாலும் அது பயன்படுத்தும் பிராசஸர் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். கிளவுடில் மணிக்கணக்கிலும் வாடகைக்கு எடுக்கலாம்.

மறைமுகச் செலவு வேகம். ஃபயர்வால் பெட்டிகள் பலவற்றில் இந்த வேலைக்கென்றே செய்யப்பட்ட சிப் இருக்கும். விர்ச்சுவலில் பொதுவான பிராசஸர்தான் எல்லாவற்றையும் செய்கிறது. இன்றைய போக்குவரத்தில் பெரும்பகுதி மறையாக்கம் செய்யப்பட்டது. அதைப் பிரித்துப் பார்த்து மறுபடி மூடுவது பிராசஸருக்குப் பெரும் பாரம். எனவே விளம்பரத் தாளில் போட்டிருக்கும் அதிகபட்ச வேகத்தை நம்பாமல், எல்லாச் சோதனைகளையும் ஆன் செய்தபின் கிடைக்கும் வேகத்தைக் கேட்டு வாங்கவேண்டும். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருக்கும்.

சிறிய நிறுவனங்கள் ஓப்பன் சோர்ஸில் தொடங்கலாம். மென்பொருளுக்குப் பணம் வேண்டாம், ஆனால் தெரிந்த ஆள் வேண்டும்.

இதைப் போட்டுவிட்டால் பயமில்லையா?

பயம் குறையும், போய்விடாது. மூன்று ஓட்டைகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ஹைப்பர்வைசர். 2023 பிப்ரவரியில் ‘ஈஎஸ்எக்ஸ்ஐ ஆர்க்ஸ்’ என்ற ரேன்சம்வேர் விஎம்வேர் ஹைப்பர்வைசர்களையே நேரடியாகத் தாக்கியது. உலகம் முழுக்க 3,800-க்கும் மேற்பட்ட சர்வர்கள் பாதிக்கப்பட்டதாக அமெரிக்க சைபர் பாதுகாப்பு முகமை தெரிவித்தது. தாக்குதலுக்கு வழியாகக் கருதப்பட்ட பிழைக்கான திருத்தம் 2021 பிப்ரவரியிலேயே, அதாவது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வெளியாகியிருந்தது. ஹைப்பர்வைசர் போனால் அதற்கு மேல் ஓடும் விர்ச்சுவல் ஃபயர்வாலும் சேர்ந்து போகும். கட்டடமே சரிந்தால் மாடியில் காவலாளி இருந்து என்ன பயன்? எனவே ஹைப்பர்வைசரை நிர்வகிக்கும் முகவரி இணையத்தில் இருந்து ஒருபோதும் எட்டக்கூடியதாக இருக்கக்கூடாது.

இரண்டாவது, ஃபயர்வாலேதான். அதுவும் ஒரு மென்பொருள்தானே? 2024 ஏப்ரலில் பாலோ ஆல்டோ ஃபயர்வால்களில் ஒரு பிழை வெளிவந்தது. தீவிரத்துக்கான மதிப்பெண் 10-க்கு 10. அதைத் தாக்குபவர்கள் ஏற்கனவே பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். ஃபோர்ட்டிநெட் உட்பட மற்ற நிறுவனங்களிலும் இதுபோலப் பிழைகள் வந்திருக்கின்றன. காவலாளிக்கும் உடம்பு சரியில்லாமல் போகும். அப்டேட்களை உடனுக்குடன் போடுவது மட்டுமே மருந்து.

மூன்றாவது, விதிகள் பழசாவது. ‘வெண்டர் இன்னைக்கு ஒருநாள் கேட்கிறார்’ என்று திறந்த வழி இரண்டு வருடம் கழித்தும் திறந்தே இருக்கும். ஒவ்வொரு தற்காலிக விதிக்கும் காலாவதித் தேதி எழுதவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது உட்கார்ந்து, யாருமே பயன்படுத்தாத விதிகளை நீக்கவேண்டும்.

பிரித்து வைப்பது நிஜத்தில் உதவுமா?

2024 ஜூலை 31 அன்று நடந்ததைப் பாருங்கள். கூட்டுறவு வங்கிகள், கிராமிய வங்கிகள் போன்றவற்றுக்குத் தொழில்நுட்பச் சேவை வழங்கும் சி-எட்ஜ் டெக்னாலஜிஸ் நிறுவனத்தின் சில சிஸ்டம்கள் ரேன்சம்வேரால் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று என்பிசிஐ அறிவித்தது. யுபிஐ உள்ளிட்ட பணப் பரிமாற்றங்களை நடத்தும் அமைப்பு இது. என்பிசிஐ உடனே செய்தது, சி-எட்ஜைத் தன் நெட்வொர்க்கில் இருந்து தற்காலிகமாகத் துண்டித்ததுதான்.

சுமார் 300 சிறிய வங்கிகளின் சேவை பாதிக்கப்பட்டதாகவும், நாட்டின் மொத்தப் பரிமாற்றத்தில் இது சுமார் 0.5% மட்டுமே என்றும் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. மறுநாளே இணைப்பு திரும்பியது. அந்த வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்கு அது பெரும் சிரமம்தான், சந்தேகமே இல்லை. ஆனால், துண்டிக்க ஒரு இடம் இருந்ததால்தான் பிரச்னையை அதற்குள் நிறுத்த முடிந்தது. எல்லாமே ஒரே கூடமாக இருக்கும் நெட்வொர்க்கில் எங்கே வெட்டுவது என்றே தெரியாது. மொத்தத்தையும் அணைப்பதுதான் ஒரே வழி.

சட்டம் என்ன சொல்கிறது?

2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி, சைபர் தாக்குதலைக் கண்டறிந்த 6 மணி நேரத்துக்குள் அதைத் தெரிவிக்க வேண்டும். ஃபயர்வால் உள்ளிட்ட சிஸ்டம்களின் பதிவுகளை 180 நாட்களுக்குச் சேமித்து வைக்கவும் வேண்டும். எனவே விர்ச்சுவல் ஃபயர்வாலின் பதிவுகளை அதற்குள்ளேயே விட்டுவைக்காமல் வேறொரு சர்வருக்கு அனுப்பிவிடுவது நல்லது. விர்ச்சுவல் மெஷினை அழித்தால் அதன் பதிவும் போய்விடும், திருடன் சிசிடிவி டிஸ்க்கையும் சேர்த்து எடுத்துப்போவது போல.

2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. தனிநபர் தரவுகளைக் காக்க நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு.

இதில் எனக்கென்ன? என்று கேட்கிறீர்களா

நீங்கள் ஐடி துறையில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவு, பிள்ளையின் மார்க் ஷீட், கூட்டுறவு வங்கியில் உள்ள சேமிப்பு எல்லாம் ஏதோ ஒரு விர்ச்சுவல் சர்வரில்தான் இருக்கிறது. அது நின்றால் வரிசையில் நிற்கப்போவது நீங்கள்தான்.

ஒரு பள்ளியையோ மருத்துவமனையையோ சங்கத்தையோ நடத்தும் இடத்தில் நீங்கள் இருந்தால், ‘நம்மகிட்ட ஃபயர்வால் இருக்கா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘இருக்கு சார்’ என்ற பதில் வரும், அதோடு முடிந்துவிடும். இந்த மூன்றைக் கேளுங்கள்:

ஒன்று, ரிசப்ஷனில் இருக்கும் ஒரு கணினியில் வைரஸ் வந்தால் அது நம் டேட்டாபேஸ் வரை போக முடியுமா? செய்து காட்டுங்கள்.

இரண்டு, எல்லா சர்வர்களும் பூட்டப்பட்டாலும் பேக்கப் தப்புமா? அதிலிருந்து கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்?

மூன்று, நம் ஃபயர்வாலின் கடைசி விதி ‘அனுமதி’யா, ‘மறுப்பு’வா?

மூன்றாவது கேள்விக்கு உங்கள் ஐடி ஊழியர் கொஞ்சம் யோசித்தால், வேலை எங்கே தொடங்கவேண்டும் என்று இருவருக்குமே தெரிந்துவிடும்.